மறுபடியும் முதல் அலகிலிருந்தா?

பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். பருவத் தேர்வு நெருங்கினால் விடுதி மாணவர்கள் யாராவது வந்து நிற்பார்கள்: "படிக்க மலைபோலக் கிடக்கிறது சார், எதைத் தொடுவது என்றே தெரியவில்லை." அவர்கள் செய்யும் தவறுகள் எல்லாம் நான் செய்தவைதான். செல்போனை அணைத்து வை, நேரத்தோடு தூங்கு என்பதெல்லாம் அவர்களுக்கே தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

புதிதாகத் தொடங்குவது

சென்ற மாதம் ஒரு மாணவர் தன் பாடக்குறிப்புகளைக் கொண்டுவந்தார். முதல் அலகின் தாள்கள் ஓரம் கறுத்து, மஞ்சள் மார்க்கர் மேல் பச்சை மார்க்கர் ஓடி நைந்திருந்தன. ஐந்தாம் அலகின் ஜெராக்ஸ் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடந்தன, நகத்தால் பிரித்தேன். "திங்கட்கிழமை முதல் ஒழுங்காகப் படிக்கிறேன்" என்று நான்கு முறை தொடங்கினாராம். நான்கு முறையும் முதல் அலகு.

இதைப் பார்த்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. இந்தப் பழக்கத்தால் விழுந்த ஒரு அரியரை முடிக்க எனக்கு மூன்று பருவங்கள் ஆயின. இரண்டு நாள் தவறினால் போதும், அட்டவணையைக் கிழித்துப் புதிதாக எழுதுவேன். எழுதிய அன்று மாலை, பாடத்தையே முடித்துவிட்டதுபோல் மனம் லேசாகும். மறுநாள் புத்தகத்தைத் திறக்கத் தோன்றாது.

அண்ணா பல்கலைக்கழகத் தேர்வில் பொதுவாக ஓர் அலகுக்கு இரண்டு 2 மதிப்பெண் வினாக்கள், ஒரு 13 மதிப்பெண் வினா. முதல் அலகைக் கரைத்துக் குடித்தாலும், கடைசி 15 மதிப்பெண் வினா அதிலிருந்து வந்தாலொழிய, கிடைப்பது 17தான்.

ஆகவே விட்ட இடத்திலிருந்து தொடருங்கள். தவறிய நாட்களை ஈடுகட்டப் பார்க்காதீர்கள். அந்த மாணவரை எதிரில் உட்கார வைத்து, பழைய வினாத்தாளிலிருந்து ஐந்தாம் அலகின் 2 மதிப்பெண் வினா ஒன்றைக் கொடுத்தேன். இருபது நிமிடத்தில் நான்கு வரி எழுதினார். ஒரு வரி தவறு. மறுநாள் அவராகவே இரண்டு விடைகள் எழுதிவந்தார்.

நாள் கணக்கைக் குறைத்துப் போடுவது

கனடாவில் ஆய்வேடு எழுதிய உளவியல் மாணவர்களிடம் எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டபோது, அவர்கள் சொன்னது சராசரியாக 34 நாட்கள். ஆனது 55 நாட்களுக்கு மேல். 1994இல் வெளிவந்த ஆய்வு இது. நீங்கள் மூன்று நாள் என்று நினைக்கும் பாடத்துக்கு ஐந்து நாள் ஒதுக்குங்கள்.

ஆய்வக ரெக்கார்டு நோட்டு முடியவில்லை என்று ஆசிரியர் கண்ணில் படாமல் நழுவுவது

இன்றே போய்ப் பாருங்கள்.

நண்பன் வரட்டும் என்று காத்திருப்பது

வேண்டாம்.

மொத்தப் பட்டியலையும் மேசைக்கு மேல் ஒட்டுவது

நிமிர்ந்து பார்க்கும்போதெல்லாம் அது பயமுறுத்தும். எடுத்து இழுப்பறைக்குள் வையுங்கள். இன்றைக்கு ஒரு துண்டுத்தாள் போதும். அதிலும் "கணிதம் படிக்க வேண்டும்" என்று எழுதாதீர்கள். "லாப்லாஸ், இரண்டு கணக்கு" என்று எழுதுங்கள்.