பிக்கப்பில் கூண்டு கட்டிய பின் வந்த சத்தமும் புகை நாற்றமும்

உசிலம்பட்டியிலிருந்து மதுரை மாட்டுத்தாவணிக்குக் காய்கறி ஏற்றும் டீசல் பிக்கப் என்னுடையது. பின்னால் மூடிய கூண்டு கட்டி வாங்கியதிலிருந்து இரண்டு தொல்லை. மேடேறும்போது ‘டக் டக்’ சத்தம்; கண்ணாடியை இறக்கினால் உள்ளே புகை நாற்றம், தலைவலி.

இஞ்சின் ஆறியிருக்கும் காலை நேரத்தில் அடியில் படுத்துப் பார்த்தேன். சைலன்சர் பைப்புகளைப் போல்டு போட்டு இணைக்கும் வளையத்தில் (பிளேஞ்ச்) ஒரு பக்கம் மட்டும் கரி விசிறியாகப் படிந்திருந்தது. வண்டியை ஸ்டார்ட் செய்து சோப்புத் தண்ணீர் தெளித்ததும் அதே இடத்தில் நுரை பொங்கியது; புகை கசிவது அங்கேதான். கூண்டு வெல்டிங்குக்காகப் பைப்பைக் கழற்றியவர்கள், கசியாமல் இடையில் வைக்கும் பழைய கேஸ்கட்டையே திரும்பப் போட்டிருக்கிறார்கள்.

புதுக் கேஸ்கட் வைத்து, போல்டுகளை மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கினோம். வண்டி ஓடி ஆறிய பிறகு மறுபடி ஒரு முறுக்கு. பைப்பைத் தாங்கும், தொய்ந்துபோன தொங்கு ரப்பரையும் மாற்றினோம். சத்தம் நின்றது.

நாற்றம் மட்டும் போகவில்லை. “தம்பி, பைப் கூண்டுக்கு அடியிலேயே முடியுது பாருங்க” என்றார் மெக்கானிக் அண்ணன். ஓடும் வண்டியின் பின்னால் காற்றழுத்தம் குறையும். புகை அங்கேயே சுழன்று, இடுக்கு வழியாகக் கேபினுக்குள் ஏறும். பைப்பைக் கூண்டின் விளிம்பு தாண்டி நேர் பின்னால் நீட்டினோம். இடப்பக்கமோ கீழ்நோக்கியோ திருப்பக்கூடாது, 1989 மோட்டார் வாகன விதியே அப்படித்தான். கேபின் பின்கண்ணாடி ரப்பரையும் புதிதாக மாட்டினோம்.

நாற்றமில்லாத கார்பன் மோனாக்சைடும் புகையில் உண்டு. தலைவலி வந்தால் வண்டியை ஓரங்கட்டி இறங்கிவிடுங்கள்.