போர் தண்ணீரில் கார் கழுவுபவர்களுக்கு

கறுப்பு கார் வாங்கிய மூன்றாம் மாதமே பானட் முழுக்க வெள்ளைப் புள்ளிகள். ஷாம்புதான் சரியில்லை என்று நினைத்து இரண்டு பிராண்ட் மாற்றினேன். கடைசியில் பார்த்தால் வினை எங்கள் மேடவாக்கம் அபார்ட்மென்ட்டின் போர் தண்ணீரில் இருந்தது.

காரை நிழலில் நிறுத்துங்கள். பானட்டைத் தொட்டால் சூடு தெரியக் கூடாது. முதலில் வெறும் தண்ணீர் அடித்து மண்ணை இறக்குங்கள். அப்புறம் இரண்டு வாளி: ஒன்றில் ஷாம்பு, மற்றதில் துணி அலசத் தண்ணீர். கூரையில் தொடங்கிக் கீழே வாருங்கள், சக்கரத்துக்குத் தனித் துணி. பாத்திரம் தேய்க்கும் லிக்விட் வேண்டாம், இருக்கிற வாக்ஸையும் அது எடுத்துவிடும்.

நான் சறுக்கியது இதற்குப் பிறகுதான். கழுவி முடித்ததும் டீ குடிக்கப் போய்விடுவேன். வருவதற்குள் சொட்டெல்லாம் காய்ந்திருக்கும். தண்ணீர் ஆவியாகும், அதிலுள்ள கால்சியமும் மெக்னீசியமும் போகாது. வாட்டர் ஹீட்டர் காயிலில் வெள்ளையாகப் படிகிறதே, அதே சமாச்சாரம். அதனால் காய விடவே கூடாது. ஒரு கதவு கழுவினால் அந்தக் கதவை உடனே துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். பெரிய, தடித்த மைக்ரோஃபைபர் துணியை விரித்துப் போட்டு மெதுவாக இழுத்தால் போதும், அழுத்தித் தேய்த்தால் கீறல் விழும். சிக்னலில் விற்கும் மஞ்சள் துணியை நான் பெயின்ட் பக்கமே கொண்டுபோவதில்லை.

ஏற்கெனவே புள்ளி விழுந்துவிட்டதா? வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு கலந்து, துணியில் நனைத்துப் புள்ளி மேல் ஒரு நிமிடம் போட்டு வையுங்கள். எடுத்தவுடன் நன்றாகக் கழுவிவிட வேண்டும். அதற்கும் போகவில்லை என்றால் உப்பு கிளியர் கோட்டை, அதாவது பெயின்ட்டின் மேலுள்ள நிறமில்லாத பூச்சை, அரித்திருக்கிறது, பாலிஷ்தான் வழி. ஆனால் கிளியர் கோட்டின் தடிமனே பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒவ்வொரு பாலிஷும் அதில் கொஞ்சம் சுரண்டும். சர்வீஸுக்கு விடும்போதெல்லாம் பாலிஷ் போடலாமா என்று கேட்டால் தலையாட்டாதீர்கள்.

கடைசியாக வாக்ஸ். கையில் மெல்லிய பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு பெயின்ட்டைத் தடவிப் பாருங்கள். சொரசொரவென்றிருந்தால் முதலில் கிளே பார் (ஒட்டிய அழுக்கை உருவி எடுக்கும் களிமண் மாதிரியான கட்டி) தேய்க்க வேண்டும், அதுவும் ஷாம்புத் தண்ணீர் தெளித்துக்கொண்டேதான். கை தவறிக் கீழே விழுந்த கிளேயைத் தூக்கி எறிந்துவிடுங்கள், ஒட்டிய மணல் பெயின்ட்டைக் கிழித்துவிடும். எனக்குப் பிடித்தது டப்பாவில் வரும் கார்னாபா வாக்ஸ். மெல்லிசாகப் பூசினால் துடைப்பது சுலபம். இரண்டு மாதத்துக்கு ஒருமுறை போடுகிறேன். செராமிக் கோட்டிங் போட்டாலும் காய்ந்த உப்பு அதன் மேலும் படியும்.

பின்சேர்க்கை: ஆர்ஓ மெஷினின் கழிவு நீரில் கழுவலாமா என்று இருவர் கேட்டிருந்தார்கள். கூடாது, வடிகட்டிய உப்பெல்லாம் அதில்தான் சேர்கிறது. ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர் தேவலை. காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் அதில் உப்பு அநேகமாக இருக்காது. தூசி இருக்கும், துணியில் வடிகட்டிக் கடைசி அலசலுக்கு மட்டும் வைத்துக்கொள்கிறேன். ஒரு ராத்திரிக்கு அரை வாளிக்குக் குறையாமல் சேர்கிறது.