ஸ்ரீரங்கம் தீவை எங்கே நின்று பார்ப்பது: முதல்முறை வருபவர்களுக்கு

ஸ்ரீரங்கம் போய்வந்த பலருக்கும் அது ஆற்றுத் தீவு என்பதே கண்ணில் படுவதில்லை. பாலம் தாண்டிக் கோயிலுக்குப் போய், அதே பாலம் வழியாகத் திரும்பிவிடுகிறார்கள். காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே கிடக்கும் அந்த நிலத்தை முதலில் மேலிருந்து பாருங்கள். பிறகு இரு முனைகளுக்கும் போங்கள். இந்த வரிசையை மாற்ற வேண்டாம்.

படி 1: திருச்சி சத்திரம் பஸ் நிலையத்தில் இறங்கி மலைக்கோட்டைக்கு நடந்துவிடலாம். காலையிலேயே ஏறுங்கள். செருப்பை அடிவாரத்தில் விட வேண்டும். வெயில் ஏறிவிட்டால் உச்சியில் திறந்த பாறையில் கால் வைக்க முடியாது. படிகள் நானூறுக்கும் மேல்.

படி 2: உச்சிப் பிள்ளையார் சன்னதியருகே வடக்குப் பார்த்து நில்லுங்கள். அவசரப்படாதீர்கள், இதுதான் முக்கியமான இடம். கீழே காவிரி, அதற்கப்பால் தென்னந்தோப்பு, தோப்புக்கு மேலே கோபுரங்கள். வலப்பக்கம் தெரிபவை திருவானைக்காவல். எல்லாவற்றையும்விட உயர்ந்து நிற்பது ராஜகோபுரம்: 13 நிலை, சுமார் 72 மீட்டர். நூற்றாண்டுக் கணக்கில் மொட்டையாக நின்று 1987-ல்தான் முழுமையடைந்தது. தெற்குக் கோபுரம் என்பதால் அதன் முகம் நம் பக்கமே இருக்கிறது. மார்கழி, தையில் தெற்கே சாய்ந்த வெயில் அதன்மேல் விழும்போது நிலை நிலையாகப் பிரிந்து தெரியும். கோபுரங்களுக்கும் அப்பால் வெளுத்த மணல் பட்டை ஒன்று ஓடுகிறதா? அதுதான் கொள்ளிடம். அது கண்ணுக்குச் சிக்கிவிட்டால் தீவு பிடிபட்டுவிட்டது.

படி 3: 1-ம் நம்பர் பஸ்ஸில் ஸ்ரீரங்கம். அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கி, ஏறிவந்த மலையை ஒருமுறை திரும்பிப் பாருங்கள்.

படி 4: மேற்கு முனை, முக்கொம்பு. ஆறு இரண்டாகப் பிரிவதை இங்கே நேரில் காணலாம். கொள்ளிடம் தாழ்ந்த ஆறு; விட்டால் தண்ணீரெல்லாம் அங்கேயே பாய்ந்து காவிரி மணல்மேடாகிவிடும். அதைத் தடுக்கத்தான் 1836-ல் ஆர்தர் காட்டன் மேலணையைக் கட்டினார். 2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் கொள்ளிடம் பக்கம் 9 மதகுகள் உடைந்ததும், அருகிலேயே புதிய கதவணை எழுந்தது.

படி 5: கிழக்கு முனை, கல்லணை. பிரிந்த ஆறுகள் இங்கே மறுபடி நெருங்குகின்றன. காவிரி கொள்ளிடத்தில் சரிந்துவிடாமல் நிறுத்தியது கரிகாலன் பெயர் சொல்லும் இந்த அணை. தஞ்சை வயல்களுக்குப் போகும் தண்ணீர் இங்கிருந்துதான் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிகிறது. மாலையில் பாலத்தின்மேல் நடந்தே பாருங்கள். மேட்டூர் அணை வழக்கமாக ஜூன் 12-ல் திறக்கும். அதற்குப் பிறகு வந்தால் ஆறு நிறைந்திருக்கும். மதகுகளுக்கு அருகே மட்டும் தண்ணீரில் இறங்காதீர்கள், சுழல் இழுத்துவிடும்.