துண்டுத் துணியில் மெக்ரிச்சி: பக்கத்தில் ஒருவரை உட்காரவைத்துச் செய்யும் படம்

சேலையோடு வந்த பிளவுஸ் துண்டுகள் தைக்காமலே அலமாரியின் அடித்தட்டில் கிடக்கின்றனவா? அப்படியென்றால் பாதி வேலை முடிந்தது. அந்தத் துணியை வெட்டி, அடுக்கி, ஒட்டி, மேலே கொஞ்சம் கைத்தையல் போட்டு ஒரு இயற்கைக் காட்சியைச் செய்யப்போகிறோம். தையல் மெஷின் வேண்டாம். பொத்தான் தைக்கத் தெரிந்தால் போதும்.

நான் இதைத் தொடங்கியது கலை ஆர்வத்தில் அல்ல. மனச்சோர்வுக்கு மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்த மாதங்கள் அவை. புத்தகம் ஒரு பக்கம் ஓடாது, டிவி சத்தம் தாங்காது, கத்தரிக்கோல் மட்டும் கையில் நின்றது. அந்தக் கதையும் இடையில் வரும்.

வேண்டியவை

அடித்துணிக்கு 25 × 35 சென்டிமீட்டர் வெள்ளைப் பருத்தி. பழைய வேட்டி இருந்தால் அதைவிட நல்லது இல்லை. நீலம், பச்சை, பழுப்புத் துண்டுகள், ஊடே தெரியும் மெல்லிய ஆர்கன்ஸா துப்பட்டா ஒன்றின் மூலை, எம்பிராய்டரி நூல், ஊசி, இஸ்திரிப் பெட்டி, கேக் சுடும்போது தட்டில் விரிக்கும் பேக்கிங் தாள். அப்புறம், சூடு பட்டால் ஒட்டும் பசைத்தாள். கைவினைக் கடைகளில் பாண்டாவெப் என்று கேளுங்கள். துணி போதாவிட்டால், இங்கே சிங்கப்பூரில் தேக்கா சந்தையின் மாடியில் ஒரு சுற்று சுற்றினால் போதும். ஆனால் முதல் படத்துக்குப் புதுத் துணி வாங்காதீர்கள். காசு கொடுத்த துணியை வெட்டக் கை நடுங்கும்.

1. இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

நான் எடுத்தது மெக்ரிச்சி நீர்த்தேக்கம். சிங்கப்பூரின் மிகப் பழைய நீர்த்தேக்கம். இந்தப் பெயர் 1922இல்தான் வந்தது. வீட்டை விட்டு வெளியே வராத என்னை அக்கா அங்கேதான் நடக்க இழுத்துப்போவாள். வானம், தூரத்து மரங்கள், பக்கத்துக் காடு, தண்ணீர் என நான்கே அடுக்குகள். பழகுவதற்கு இது போதும். வீவக அடுக்குமாடி வீடுகளைப் படத்தில் கொண்டுவர வேண்டாம், நேர்க்கோடு கொஞ்சம் பிசகினாலும் கண்ணைக் குத்தும்.

தண்ணீரும் கரையும் சேரும் கோட்டைப் படத்தின் சரிபாதியில் வைக்காதீர்கள். மூன்றில் ஒரு பங்கு உயரத்தில் இருக்கட்டும்.

2. நிறத்தை அடுக்குங்கள்

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். படத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. தூரத்துப் பொருள்களுக்கும் நமக்கும் நடுவில் காற்று நிறைய இருப்பதால் அவை வெளிறி, கொஞ்சம் நீலம் பூசினாற்போலத் தெரியும். ஆகவே தூரத்து மரங்களுக்குச் சாம்பல் கலந்த பச்சை, பக்கத்துக் காட்டுக்கு அடர்ந்த பச்சை. சரியான துணி கிடைக்கவில்லையா? கையில் இருப்பதைத் திருப்பிப் போடுங்கள். அச்சுத் துணியின் பின்பக்கம் மங்கலாகத்தான் இருக்கும், தூரத்துக்கு அதுவே பொருந்தும்.

துண்டுகளை வரிசையாக வைத்துக் கைபேசியில் கறுப்பு வெள்ளையில் ஒரு படம் எடுங்கள். இரண்டு துண்டுகள் ஒரே சாம்பல் நிறமாகத் தெரிந்தால், ஒட்டிய பிறகு அவை ஒன்றாகக் கரைந்துவிடும். ஒன்றை மாற்றுங்கள்.

காட்டுக்குக் கலம்காரியும் பாத்திக்கும் அருமை, இலைகள் தாமாகவே வந்துவிடும். சுங்குடியின் வெள்ளைப் புள்ளிகளை நான் மழைத்தூறலாக வைத்தேன். அம்மாவுக்கு அதில் வருத்தம்தான்: "நல்ல சுங்குடிடி அது!"

3. வெட்டி ஒட்டுங்கள்

பசைத்தாளின் சொரசொரப்பான பக்கம் துணியின் பின்பக்கத்தில் படட்டும். மேலே பேக்கிங் தாளை வைத்து, மிதமான சூட்டில் சில விநாடிகள் அழுத்துங்கள். தேய்த்தால் துணி நகர்ந்துவிடும். பிறகு வடிவத்தைப் பசைத்தாளின் மேல் வரைந்து வெட்டுங்கள். தாளில் வரைவது துணியில் இடவலம் மாறி வரும் என்பதை மறக்க வேண்டாம். என் முதல் படத்தில் மரம் தவறான கரையில் நிற்கிறது.

தாளை உரித்துப் பின்னாலிருந்து முன்னால் வாருங்கள்: வானம், தூரத்து மரங்கள், காடு, தண்ணீர். ஒவ்வொன்றும் முந்தியதின் மேல் ஒரு சென்டிமீட்டர் ஏறியிருக்க வேண்டும், இல்லாவிட்டால் இடுக்கில் வேட்டி தெரியும். எல்லாவற்றையும் ஒட்டாமல் அடுக்கிப் பார்த்து, திருப்தியான பிறகே சூடு காட்டுங்கள். ஆர்கன்ஸாவைத் தண்ணீரின் மேல் கடைசியில் போடுங்கள், பனி படர்ந்தாற்போல் இருக்கும். அதற்குச் சூடு ஆகாது; தையலால் பிடிக்க வேண்டும்.

4. தையல், பேச்சு

ஆறு இழை நூலில் இரண்டு இழைகளைப் பிரித்தெடுங்கள். தண்ணீருக்குப் படுக்கைவாட்டில் ஓடு தையல், நீளம் ஒன்றுபோல் இல்லாமல். இலைக் கொத்துகளுக்குப் பிரெஞ்சு முடிச்சு: ஊசியில் நூலை இரண்டு சுற்று சுற்றி, நூலை இறுக்கிப் பிடித்தபடி, வந்த ஓட்டைக்குப் பக்கத்திலேயே குத்தி இழுங்கள். அதே ஓட்டையில் குத்தினால் முடிச்சு உள்ளே போய்விடும்.

இந்தக் கட்டம் நாலைந்து மணி நேரம் பிடிக்கும். தனியாகச் செய்யாதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா என் எதிரில் முடிச்சு போட்டுக்கொண்டிருந்தாள். அதுவரை வீட்டுக்காரரைத் தவிர எல்லாரிடமும் நான் சொன்னது "தலைவலி".

"ஏன்டி, நிஜமாவே தலைவலிதானா?"

"இல்லக்கா. டிப்ரஷன். மாத்திரை சாப்பிடுறேன்."

அவள் தலை நிமிரவில்லை. "எத்தனை நாளா?"

"அஞ்சு மாசம்."

"அந்தப் பச்சை நூலைக் கொடு."

அவ்வளவுதான். முகத்தைப் பார்த்திருந்தால் நான் சொல்லியிருக்க மாட்டேன். எங்கள் தலைமுறைக்கு 'உட்பிரிட்ஜ்' என்ற மனநல மருத்துவமனையின் பெயரே கேலிச்சொல். அங்கே போனவர் என்றால் முடிந்தது கதை. அந்தப் பயத்தில்தான் ஐந்து மாதம் தலைவலி. 2016இல் எடுத்த சிங்கப்பூர் மனநல ஆய்வில், பெரியவர்களில் சுமார் 16 பேருக்கு ஒருவர் வாழ்வில் எப்போதாவது மனச்சோர்வை அனுபவித்தவர் என்று தெரிந்தது. நம் ஆள்களின் கல்யாணப் பந்தியில் ஒரு வரிசையை எண்ணிப் பாருங்கள்.

எதிரில் இருப்பவர் இப்படிச் சொன்னால் "கோயிலுக்குப் போயிட்டு வா, சரியாயிடும்" என்று ஆரம்பிக்காதீர்கள். "டாக்டரைப் பார்த்தியா? நான் கூட வரட்டுமா?" போதும். பலதுறை மருந்தகத்தில் தொடங்கலாம். தேவைப்பட்டால் அங்கிருந்தே மேல் சிகிச்சைக்கு எழுதிக்கொடுப்பார்கள். மாத்திரை வேலை செய்யச் சில வாரங்கள் ஆகும், நடுவில் தானாக நிறுத்தக் கூடாது. துணிப்படம் மாத்திரைக்குப் பதில் அல்ல. எனக்கு இரண்டும் வேண்டியிருந்தது.

வாழப் பிடிக்கவில்லை என்பதுபோல் யாராவது பேசினால், சாகத் தோன்றுகிறதா என்று நேராகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது. 1767 சமாரிட்டன்ஸ் தற்கொலைத் தடுப்பு உதவி எண், 1771 தேசிய மனநல உதவி எண். இரண்டும் 24 மணி நேரமும் உண்டு. போலீஸ் வருமோ என்று பயந்து மறைத்த காலம் ஒன்று இருந்தது. 2020 முதல் தற்கொலை முயற்சி இங்கே குற்றம் இல்லை.

5. படச் சட்டம்

ஓரங்களை அட்டையின் பின்னால் மடித்து ஒட்டிச் சட்டத்தில் போடுங்கள். கண்ணாடி வேண்டாம், முடிச்சுகள் நசுங்கும். நம் ஊர் ஈரத்துக்குச் சமையலறைச் சுவரையும் தவிருங்கள்.

அக்காவின் படத்தில் காடு வரை வந்துவிட்டது. தண்ணீருக்குத்தான் ஆர்கன்ஸா இல்லை, என் துப்பட்டா தீர்ந்துபோனது. வரும் ஞாயிறு தேக்காவுக்குப் போகிறோம்.