தீபாவளி பர்பி வாசத்தில் ஒரு கறுப்பு பியர்: முதல்முறை காய்ச்சுபவர்களுக்கு

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் வீட்டில் பியர் காய்ச்சிப் பழக ஜூலைதான் நல்ல மாதம். பகலில் 22, 23 டிகிரி. இரவில் 12 வரை இறங்கும். ஈஸ்டுக்கு இது போதும். பிப்ரவரிப் புழுக்கத்தில் தொடங்கினால், கண்டுகொள்ளாமல் விட்ட பியரில் நெயில் பாலிஷ் வாடை ஏறிவிடும். ஜூலையில் காய்ச்சினால் ஆகஸ்டில் பாட்டிலில் அடைத்துவிடலாம். புரட்டாசி விரதம் முடியும்வரை அது பாட்டுக்கு முதிர்ந்துகொண்டிருக்கும், தீபாவளிக்குப் பதமாக இருக்கும்.

நான் சொல்லப்போவது மில்க் ஸ்டவுட் வகை, அதாவது வறுத்த தானியத்தில் காய்ச்சும் லேசான இனிப்புள்ள கறுப்பு பியர். இங்கே கடைகளில் கிடைக்கும் காசில் மில்க் ஸ்டவுட் குடித்திருந்தால் அடிப்படைச் சுவை உங்களுக்குத் தெரியும். அதன்மேல் நம் வீடுகளில் பால் பவுடரில் கிண்டும் பர்பியின் வாசனையை ஏற்றப் போகிறோம்: ஏலக்காய், வறுத்த தேங்காய், வெனிலா.

தொடங்கும் முன் ஒன்றை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். பியரில் இனிப்பு வேண்டுமென்றால் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரையாக இருக்க வேண்டும். வெல்லமோ கரும்புச் சர்க்கரையோ போட்டால் ஈஸ்ட் அனேகமாக முழுவதையும் தின்று சாராயமாக்கிவிடும், பியர் இனிக்காது, நீர்த்துத்தான் போகும். பால் சர்க்கரையான லாக்டோஸை பியர் ஈஸ்ட் தொடாது. அதனால்தான் இந்த வகைக்கு அந்தப் பெயர். பால் ஒத்துக்கொள்ளாத விருந்தினர் வந்தால் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

தேவையானவை

10 லிட்டருக்கு: வெளிர் மால்ட் எக்ஸ்ட்ராக்ட் பவுடர் (மால்ட் என்பது முளைகட்டி உலர்த்திய பார்லி, அதன் சாற்றுப் பொடி) ஒன்றரைக் கிலோ, வறுத்த பார்லி 200 கிராம், சாக்லெட் மால்ட் 150 கிராம், கிரிஸ்டல் மால்ட் 200 கிராம், லாக்டோஸ் 250 கிராம், ஏல் ஈஸ்ட் ஒரு பாக்கெட். தானியங்களைக் கடையிலேயே உடைத்துத் தரச் சொல்லுங்கள். ஹாப்ஸ் (பியருக்குக் கசப்புத் தரும் உலர்ந்த பூ) 15 முதல் 20 கிராம் போதும். பாக்கெட்டில் ஆல்ஃபா அமிலம், அதாவது கசப்பின் அளவு, 10 சதவீதத்தை ஒட்டி இருந்தால் இந்த அளவு. மேற்குக் கேப்பின் ஜார்ஜ் வட்டாரத்தில் விளையும் உள்ளூர் ஹாப்ஸே இதற்குத் தாராளம். கசப்புக்கு மட்டும்தானே போடுகிறோம், வெளிநாட்டு ரகத்துக்குக் காசைக் கொட்ட வேண்டாம்.

பாத்திரங்கள்: 10 லிட்டருக்கு மேல் கொள்ளும் பானை, மூடியில் ஏர்லாக் (வாயுவை வெளியே விட்டு, காற்றை உள்ளே விடாத அடைப்பு) பொருத்திய 15 லிட்டர் பிளாஸ்டிக் வாளி, வெப்பமானி, ஹைட்ரோமீட்டர் (எவ்வளவு சர்க்கரை கரைந்திருக்கிறது என்று காட்டும் மிதவை), மெல்லிய துணிப்பை, கழுவத் தேவையில்லாத சானிட்டைசர். ஹைட்ரோமீட்டர் வாங்காமல் தொடங்காதீர்கள். ஏன் என்று பிறகு புரியும்.

காய்ச்சும் நாள்

நான்கு லிட்டர் தண்ணீரை 70 டிகிரிக்குச் சூடாக்கி, தானியங்களைத் துணிப்பையில் கட்டி அரை மணி நேரம் ஊறவிடுங்கள். கொதிக்கவிடக் கூடாது, உமியின் துவர்ப்பு இறங்கிவிடும். பையைத் தூக்கி வடியவிட்டு, இன்னும் நான்கு லிட்டர் ஊற்றி அடுப்பைக் கூட்டுங்கள். கொதி வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் மால்ட் பவுடரைக் கொட்டிக் கலக்க வேண்டும். இல்லாவிட்டால் அடியில் படிந்து தீய்ந்துவிடும்.

மறுபடி கொதிக்கும்போது பக்கத்தைவிட்டு நகராதீர்கள். பொங்கல் பானை பொங்குவதுபோல நுரை ஒரே மூச்சில் எழும். தீயைக் குறைத்தால் அடங்கிவிடும். நுரை அடங்கியதும் ஹாப்ஸ் போட்டு ஒரு மணி நேரம் கொதிக்கட்டும். கடைசிப் பத்து நிமிடத்தில் லாக்டோஸ்.

இதற்குப் பிறகு பியரைத் தொடும் ஒவ்வொரு பொருளும் சானிட்டைசரில் நனைந்திருக்க வேண்டும். கரண்டி, மூடி, உங்கள் கை, எல்லாம். பானையை ஐஸ் போட்ட சிங்கில் வைத்து 20 டிகிரிக்குக் குளிரவைத்து வாளிக்கு மாற்றுங்கள். கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரால் 10 லிட்டருக்கு நிரப்பி, நுரைக்க நுரைக்க நன்றாகக் கலக்குங்கள். ஹைட்ரோமீட்டர் 1.070ஐ ஒட்டிக் காட்டும். எழுதி வையுங்கள். ஈஸ்டைத் தூவி மூடுங்கள்.

வாளியை அகலமான தொட்டியில் தண்ணீர் விட்டு அதில் வைத்து, ஈரமான பழைய டி ஷர்ட்டைச் சுற்றிவிடுங்கள். நொதிக்கும்போது வாளிக்குள் தானாகவே சூடு ஏறும். 20 டிகிரியைத் தாண்டினால் தொட்டியில் ஓர் ஐஸ் பாட்டில் போடுங்கள். கரண்ட் போனாலும் இது வேலை செய்யும்.

இரண்டு வாரம் கழித்து அளந்து பாருங்கள். லாக்டோஸ் இருப்பதால் 1.025 வாக்கில் நிற்கும். மூன்று நாள் விட்டு மறுபடி அளந்தாலும் அதே எண் வந்தால் நொதித்தல் முடிந்தது. கிட்டத்தட்ட 6 சதவீத ஆல்கஹால் இருக்கும். எண் இன்னும் இறங்குகிறது என்றால் பொறுங்கள். பாதி நொதித்ததைப் பாட்டிலில் அடைத்தால் கண்ணாடி வெடிக்கும். ஏர்லாக்கில் குமிழி நின்றுவிட்டதை மட்டும் நம்பக் கூடாது.

வாசனை ஏற்றுவது

வாசனைப் பொருள்களை நொதித்து முடிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும். முதலிலேயே போட்டால் ஈஸ்ட் வெளிவிடும் வாயுவோடு பாதி வாசனை போய்விடும்.

இனிப்பில்லாத தேங்காய்ச் சீவல் 200 கிராமை ஓவனில் 150 டிகிரியில் பொன்னிறமாக வறுங்கள். அப்புறம் கிச்சன் டவலில் பரப்பி, மேலே இன்னொரு டவலை வைத்து அழுத்துங்கள். காகிதத்தில் எண்ணெய் வட்டம் வட்டமாக ஊறுவது தெரியும். காகிதம் அவ்வளவாக நனையாத வரை டவலை மாற்றி மாற்றி அழுத்துங்கள். எண்ணெய் நுரையைக் கொன்றுவிடும். நெய், முந்திரி, கண்டென்ஸ்டு மில்க் எதுவும் வேண்டாம் என்று சொல்வதும் இதனால்தான். தேங்காயைக் கொதிக்கவைத்த துணிப்பையில் கட்டி வாளியில் நான்கு நாள் போட்டு எடுங்கள்.

ஏலக்காயையும் வெனிலாவையும் வாளியில் நேரடியாகப் போட வேண்டாம். வெனிலா நெற்று இரண்டைக் கீறி, ஏலக்காய் நான்கைத் தட்டி, தனித்தனிச் சீசாவில் 60 மில்லி கேன் ஸ்பிரிட்டில் (கரும்பிலிருந்து வடித்த சாராயம்) ஒரு வாரம் ஊறவையுங்கள். ஏலக்காய் மூர்க்கமான சாமான். அளவு மீறினால் பியர் இருமல் மருந்தாகிவிடும், திரும்ப எடுக்கவும் முடியாது.

அதனால் முதலில் ஒரு டம்ளரில் சரிபாருங்கள். 100 மில்லி பியரில் மருந்து கொடுக்கும் சிரிஞ்சால் வெனிலா சாற்றை 0.2 மில்லி விடுங்கள். முகருங்கள், ஒரு வாய் குடியுங்கள். போதவில்லையா, இன்னும் 0.1. ஏலக்காயை அதிலும் பாதி அளவில் தொடங்குங்கள். ஏலக்காய் தனியாக மூக்கில் குத்தாமல், வறுத்த மால்ட்டின் பின்னால் லேசாகத் தெரிந்தால் அதுதான் அளவு. டம்ளருக்கு 0.3 மில்லி சரியாக இருந்தால் 10 லிட்டருக்கு 30 மில்லி. கடைச் சிரப் எதையும் ஊற்றாதீர்கள். அதில் சர்க்கரை இருக்கும், மறுபடி நொதிக்கும்.

பாட்டிலில் அடைப்பது

பியரை வண்டல் கலங்காமல் வேறொரு சுத்தமான வாளிக்குக் குழாய்வழி மாற்றுங்கள். பாட்டிலுக்குள் வாயு உண்டாக, லிட்டருக்கு 5 கிராம் மட்டும் சாதாரணச் சர்க்கரையைக் கொதிநீரில் கரைத்து ஆறவைத்து, அளந்த சாறுகளோடு சேர்த்து மெதுவாகக் கலக்குங்கள். பியர் பாட்டில்களில் கழுத்தில் விரல்கடை இடம் விட்டு நிரப்பி மூடி அழுத்துங்கள். இருட்டான அலமாரியில் மூன்று வாரம். முதல் முறை என்றால் ஒரு பிளாஸ்டிக் சோடா பாட்டிலையும் நிரப்பி வையுங்கள்; அதை அழுத்திப் பார்த்தாலே மற்றவற்றில் எவ்வளவு வாயு ஏறியிருக்கிறது என்று தெரியும்.

பலகாரத் தட்டோடு அக்கம்பக்கத்துக்கு ஒரு பாட்டில் கொடுக்கலாம். 18 வயது நிரம்பியவர்களுக்கு மட்டும். விற்பதென்றால் மதுபான உரிமம் வேண்டும்.

குடிப்பதற்கு அரை மணி முன்பு ஃபிரிட்ஜிலிருந்து எடுத்து வையுங்கள். ரொம்ப ஜில்லென்று இருந்தால் வெனிலா வெளியே வராது. தேங்காய் வாசனைதான் முதலில் மங்கும், ஆகவே மூன்று மாதத்துக்குள் குடித்து முடித்துவிடுங்கள்.