பட்டாளத்துக்காரரிடம் விவாகரத்து: நான் போன வழி

என் கணவர் ராணுவத்தில் ஹவில்தார். வழக்குப் போட அவர் வேலை பார்க்கும் ஊருக்கு அலைய வேண்டாம். இந்து திருமணச் சட்டத்தின் 19ஆம் பிரிவுப்படி மனைவி தான் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம். நான் வேலூரில் போட்டேன்.

சம்மனை மாமியார் வீட்டுக்கு அனுப்பி மூன்று மாதம் வீணானது. கமாண்டிங் ஆபீசர் வழியாக அனுப்பச் சொல்லுங்கள். அதற்குக் கணவருடைய ராணுவ எண்ணும் யூனிட் பெயரும் வேண்டும். பழைய சம்பளச் சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள்.

ஜீவனாம்சத்துக்குத் தீர்ப்பு வரைக்கும் காத்திருக்க வேண்டியதில்லை. 1950ஆம் ஆண்டு ராணுவச் சட்டப்படி, சம்பளத்திலேயே பிடித்துத் தரச் சொல்லி யூனிட்டுக்கு மனு எழுதலாம். நான் எழுதியபோது மனைவிக்கு 22 சதவீதம் வரை, பிள்ளைக்கு 5.5, மொத்தம் 33ஐத் தாண்டாது.

அப்புறம், விவாகரத்தானதும் கேன்டீன், மருத்துவச் சலுகை, குடும்ப ஓய்வூதியம் எல்லாம் போய்விடும். தொகை பேசும்போதே இதையும் கணக்கில் சேருங்கள்.