மலைப்பாதையில் மொரிஸ் மைனர்: கியர் கோளாறும் பின் அச்சு விகிதமும்

கம்பளையிலிருந்து புசல்லாவை, ரம்பொடை வழியாக நுவரெலியாவுக்கு ஏறும் வீதியில், ஐந்து கியர் பொக்ஸ் மாற்றிப் பொருத்திய பழைய மொரிஸ் மைனரை ஓட்டுபவர்கள் இரண்டு வகைக் குறைகளைச் சொல்வார்கள். ஒன்று, கியர் விழ மறுக்கிறது அல்லது கரகரக்கிறது என்பது. மற்றது, விழுந்த கியரில் வண்டி இழுக்க மறுக்கிறது என்பது. முதலாவதன் காரணம் பெரும்பாலும் கியர் பொக்ஸுக்கு வெளியிலும், இரண்டாவதன் காரணம் பெரும்பாலும் பின் அச்சிலும் இருக்கும். ஆனாலும் இரண்டுக்கும் முதலில் கியர் பொக்ஸை இறக்குவதே பல கராஜ்களின் வழக்கம். என் வண்டியின் கியர் பொக்ஸ் ஒரே மாதத்தில் இரண்டு முறை இறக்கப்பட்டது. கடைசியில், கிளச் மிதியின் அசைவைக் கடத்தும் கம்பி முனையில் இருந்த ஊசி பாதிக்கு மேல் தேய்ந்திருந்ததை, அடியில் படுத்துப் பார்த்த ஒரு வயதான மெக்கானிக் பாஸ் ஐந்து நிமிடத்தில் காட்டிக் கொடுத்தார்.

ஆகவே சோதனையைக் கிளச்சிலிருந்து தொடங்க வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு எல்லாக் கியர்களையும் போட்டுப் பாருங்கள். நிறுத்திய நிலையில் எல்லாம் மெதுவாக விழுந்து, எஞ்சின் ஓடும்போது மட்டும் அடம்பிடித்தால், கிளச் முழுமையாக விலகவில்லை என்று கொள்ளலாம். இதை உறுதிசெய்ய, எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, கிளச்சை அடிவரை மிதித்து, ஐந்து விநாடி பொறுத்து, ரிவர்ஸ் கியரைப் போடுங்கள். மைனரின் பழைய பொக்ஸில் ரிவர்ஸுக்கு, பற்கள் சேருமுன் அவற்றின் வேகத்தைச் சமப்படுத்தும் ஒத்திசைவு வளையம் இல்லையாதலால், உள்ளே ஏதாவது சுழன்றுகொண்டிருந்தால் அது கரகரத்துச் சொல்லிவிடும். மைனரின் பழைய கிளச் இணைப்பு எண்ணெய் அழுத்தத்தால் அன்றி, கம்பிகளாலும் குறுக்குத் தண்டாலும் இயங்குவது. ஒவ்வொரு ஊசியிலும் துளையிலும் சிறிது தேய்மானம் ஏற்பட்டாலே மிதியின் அசைவில் கணிசமான பங்கு வீணாகிவிடும். கிளச் விலகத் தொடங்குமுன் மிதியில் சிறிது வெற்றசைவு இருக்க வேண்டும். அதைக் குறைத்துக் கிளச்சை விலக்க முயன்றால், கிளச்சை அழுத்தி விலக்கும் கரியாலான தள்ளுவளையம் எந்நேரமும் உரசிச் சீக்கிரமே தேய்ந்துபோகும். எண்ணெய் அழுத்தத்துக்கு மாற்றிய வண்டிகளில் மேல், கீழ் சிலிண்டர்களின் கசிவையும் குழாயில் உள்ள காற்றையும் பார்க்க வேண்டும். இவை எல்லாம் சரியாக இருந்தும் ரிவர்ஸ் கரகரத்தால், கிராங்க் தண்டின் முனையில் கியர் பொக்ஸின் உள்தண்டைத் தாங்கும் சிறிய வெண்கலப் புஷ் இறுகியிருக்கலாம். வேறு பொக்ஸைப் பொருத்துபவர்கள் கடைசல்காரரிடம் சொல்லிச் செய்விக்கும் உறுப்பு அது. எண்ணெயில் ஊறவைக்காமலும், இடைவெளி விடாமலும் செருகினால், கிளச்சை எவ்வளவு திருத்தினாலும் பயன் இருக்காது.

குறிப்பிட்ட ஒரு கியர் மட்டும் கரகரத்து, மெதுவாகத் தள்ளினால் அமைதியாக விழுந்தால், அந்தக் கியரின் ஒத்திசைவு வளையம் தேய்ந்துவிட்டது என்று பொருள். அப்போதுதான் பொக்ஸை இறக்குவதில் நியாயம் உண்டு. ஆனால் மைனரின் சொந்தப் பொக்ஸில் முதல் கியருக்கும் அந்த வளையம் கிடையாது. ஓடும் வண்டியில் முதல் கியருக்கு இறங்கும்போது எழும் சத்தம் பழுதன்று. இரட்டைக் கிளச் மிதித்து, அதாவது நியூட்ரலுக்கு ஒருமுறையும் கியருக்கு மறுமுறையும் மிதித்து, இடையில் அக்சிலரேட்டரைச் சிறிது கூட்டினால் அது நின்றுவிடும்.

எண்ணெயை மறந்துவிடக் கூடாது. மைனரின் சொந்தப் பொக்ஸுக்கு உற்பத்தியாளர் சொன்னது எஞ்சின் ஒயிலே. பின் அச்சுக்கு மட்டுமே 90 தடிப்புள்ள ஹைபொயிட் ஒயில். இரண்டிலும் ஒரே தடித்த ஒயிலை ஊற்றிவிட்டு, நானுஓயாவில் ஜனவரி மாத விடியற்காலையில் இரண்டாம் கியர் விழவில்லை என்று அலுத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள். ஜப்பானியப் பொக்ஸாக இருந்தால் ஜி.எல்.4 தரத்து ஒயில் ஏற்றது, ஜி.எல்.5 ஒயில்களில் சிலவற்றின் கந்தகச் சேர்க்கை வெண்கல வளையங்களை அரிக்கக்கூடும்.

இறக்கத்தில் அக்சிலரேட்டரை விட்டதும் கியர் தானாகக் கழன்று விடுகிறதா? மலைநாட்டில் இதுவே மிகவும் ஆபத்தான கோளாறு. எஞ்சின் பிடிப்பை நம்பி வளைவுக்குள் இறங்கியவருக்கு அந்தக் கணமே டிரம் பிரேக் மட்டும் மிஞ்சும். பொக்ஸுக்குள் கியரை நகர்த்தும் கொக்கிகள் தேய்ந்தோ, கியரை இடத்தில் நிறுத்தும் பந்தைத் தள்ளும் ஸ்பிரிங் தளர்ந்தோ இருக்கலாம். ஆயினும் மாற்றிப் பொருத்திய வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது தரையில் வெட்டிய துளையைத்தான். கியர்த்தடி அந்தத் துளையின் விளிம்பில் முட்டினால், அல்லது இறுக்கமான ரப்பர் உறை அதைப் பின்னுக்கு இழுத்தால், கியர் முக்காற்பங்குதான் விழுந்திருக்கும். உறையைக் கழற்றி ஓட்டிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும். அடுத்தது எஞ்சின் தாங்கிகள்: அவை கிழிந்திருந்தால் சுமை மாறும்போதெல்லாம் முழு எஞ்சினும் அசைந்து, தடியையும் கூடவே இழுக்கும்.

இனி, கியர் விழுந்தும் இழுக்காத வண்டிக்கு வருவோம். பின் அச்சின் விகிதத்தை, அதாவது பொக்ஸிலிருந்து அச்சுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் தண்டு சக்கரங்களின் ஒரு சுற்றுக்கு எத்தனை முறை சுற்றுகிறது என்பதை, தெரியாமல் எதையும் தீர்மானிக்கக் கூடாது. கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் வாங்கிய அச்சானால், விற்றவர் வாய்மொழியையும் நம்ப வேண்டியதில்லை. சமதரையில் நிறுத்துங்கள். மலைநாட்டில் சமதரை தேடுவதே ஒரு வேலைதான். தேயிலைத் தொழிற்சாலையின் முற்றம் கிடைத்தால் நல்லது. முன் சக்கரங்கள் இரண்டுக்கும் இருபுறமும் கட்டை வைத்து, பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜக்கால் உயர்த்தித் தாங்கியில் நிறுத்தி, கியரை நியூட்ரலில் விட்டு, கை பிரேக்கைத் தளர்த்துங்கள். மைனரின் கை பிரேக் பின் சக்கரங்களையே பிடிப்பதால், கட்டை வைக்காமல் தளர்த்துவது உயிருக்கு ஆபத்து. சக்கரத்திலும் புரொப்பெல்லர் தண்டிலும் சுண்ணாம்புக் கோடு போட்டு, சக்கரத்தை இரண்டு முறை முழுதாகச் சுற்றுங்கள். அதற்குள் தண்டு எத்தனை முறை சுற்றுகிறதோ அதுவே விகிதம். ஒரு சக்கரம் தரையில் நிற்கும்போது மற்றது இருமடங்கு சுற்றும் என்பதால்தான் இரண்டு சுற்று. நாலே கால் சுற்றுக்குச் சற்றுக் குறைவாக வந்தால் 1098 சி.சி. வண்டியின் 4.22, நாலரைக்குச் சற்று மேலானால் 948 சி.சி. வண்டியின் 4.55, நாலுக்குக் கீழே, மூன்றே முக்காலுக்கு அருகில் வந்தால் எம்.ஜி. மிட்ஜெட் 1500இலிருந்து எடுத்த 3.727 ஆக இருக்கலாம்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். அதிவேகப் பாதையில் எஞ்சின் அமைதியாக ஓட வேண்டும் என்று 3.727ஐப் போட்டுவிட்டு, அதே வண்டியில் ஹட்டனுக்கு ஏற வருகிறார்கள். கணக்கைப் பாருங்கள். 1098 மைனரின் இரண்டாம் கியர் 2.172, அதை 4.22ஆல் பெருக்கினால் 9.17. ஐந்து கியர் கொண்ட டொயோட்டா டி50 பொக்ஸின் இரண்டாம் கியர் 2.022, அதை 3.727ஆல் பெருக்கினால் 7.54தான். அதாவது சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை, அதே எஞ்சினாக இருந்தால், ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைகிறது. சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ள நுவரெலியாவில், மெல்லிய காற்றால் எஞ்சினின் வலுவும் ஏறத்தாழ அதே அளவு குறைந்துவிடும். இரண்டு இழப்பும் ஒரே ஏற்றத்தில் சேரும்போது, எஞ்சின் திணறுவதை வியப்பாகப் பார்க்க வேண்டியதில்லை.

பலர் பழைய இரும்புக் கடையில் போட்டுவிடும் 4.55 அச்சுத்தான் ஐந்து கியர் வண்டிக்கு மலைநாட்டில் மிகவும் பொருத்தமானது என்பது என் தீர்மானம். டி50இன் இரண்டாம் கியர் அதனோடு 9.2 ஆகிறது, மைனரின் சொந்த இரண்டாம் கியரும் அதுவே. ஐந்தாம் கியர் 0.861 ஆகையால், மொத்த விகிதம் 3.92. 145ஆர்14 டயரின் உருளும் சுற்றளவைச் சுமார் 1.8 மீற்றராகக் கொண்டால், எஞ்சின் நிமிடத்துக்கு 3,000 சுற்று ஓடும்போது வண்டி மணிக்குச் சுமார் 83 கிலோமீற்றர் செல்லும். நகருக்கு வெளியே காருக்கு அனுமதிக்கப்பட்டது 70 என்ற நாட்டில் இது தாராளம். எஞ்சினும் 1,500 சி.சி.க்கு மேல் மாற்றப்பட்டிருந்தால் மட்டும் முதல் கியர் மிகக் குறுகியதாகத் தோன்றும், அப்போது 4.22 போதும்.

அச்சின் உட்பாகங்களை மாற்றும்போது அச்சுக்குள் பற்களால் பொருந்திச் சுழலும் கிரவுண் வீலையும் பினியனையும் ஒரே சோடியாகவே வாங்க வேண்டும். ஒன்றோடொன்று தேய்ந்து பழகிய பற்களைப் பிரித்து வேறொன்றோடு சேர்த்தால், எவ்வளவு கவனமாகத் திருத்தினாலும் ஊளைச் சத்தம் போகாது. ஏறும்போது மட்டும் ஊளையிட்டு இறங்கும்போது அடங்கும் அச்சில் பற்களின் தொடுகையையும், பினியன் பேரிங்கையும் பார்க்க வேண்டும். அக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போது ‘டங்’ என்று ஒலித்தால், அச்சைத் திறக்குமுன் புரொப்பெல்லர் தண்டின் மூட்டுகளைக் கையால் திருகிப் பாருங்கள்.

நீளமான பொக்ஸுக்காகத் தண்டை வெட்டிக் குறுக்கியிருந்தால், அதைச் சமநிலைப்படுத்தியே பொருத்த வேண்டும். இரு முனை மூட்டுகளும் ஒரே தளத்தில் அமைய வேண்டும். பொக்ஸின் வெளித்தண்டும் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக, ஒரு பாகைக்கு மேல் வேறுபடாமல் இருக்க வேண்டும். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் தரை அதிரும் வண்டிகளில், நான் பார்த்த அளவில், பொக்ஸின் வால் தாங்கி உயர்ந்தோ தாழ்ந்தோ இருந்ததுதான் அதிகம். அதன் கீழ் ஒரு தகடு வைத்தாலே சரியாகிவிடும்.

விகிதம் மாறினால் வேகமானியும் பொய் சொல்லும். பழைய பொக்ஸை வைத்துக்கொண்டு 4.22க்குப் பதிலாக 3.727 போட்டவருக்கு, முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 68இல் ஓடிக்கொண்டிருக்கும். வீதியோரக் கிலோமீற்றர் கற்கள் இரண்டுக்கு இடையில் கைக்கடிகாரத்தைப் பிடித்துப் பார்த்து, முள்ளின் பிழையை ஒரு துண்டுத்தாளில் எழுதி டாஷ்போர்டில் ஒட்டிவைத்திருக்கிறேன். வேகமானியை இயக்கும் பல்லை மாற்ற இன்னும் எனக்கு நேரம் கிடைக்கவில்லை.